சிங்க முற்றமும் நாலு யூரோ போஸ்ட் கார்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம், வேறென்ன.

போன வருஷம் ஏப்ரல்ல தொடங்கி மூணு மாசம் மாட்ரிட்ல பொட்டி தட்டுற வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா அங்க எல் ராஸ்த்ரோன்னு ஒரு தெருச் சந்தை போடுவாங்க. பழைய பூட்டு, உடைஞ்ச கடிகாரம், யாரோ ஒருத்தரோட கல்யாண ஆல்பம்னு எல்லாம் கெடைக்கும். முதல் ஞாயித்துக்கிழமை போனப்ப ஒரு பெரியவர் அட்டைப் பெட்டியில போஸ்ட் கார்டுகளைக் குவிச்சு வெச்சிருந்தார். நாலு யூரோ கொடுத்து ஒண்ணு வாங்கினேன். கறுப்பு வெள்ளை. நடுவுல சிங்கங்கள் தாங்கி நிக்கிற ஒரு நீரூற்று, சுத்தி மெல்லிசா தூண்கள், பின்னாடி ஒரு மண்டபம், அது தலையில பளபளன்னு ஓடு பதிச்ச ஒரு குவிமாடம். கீழே அல்ஹம்ப்ரா, கிரனாடான்னு அச்சு. பின்பக்கம் ஒரு எழுத்து இல்லை, தபால்தலையும் இல்லை. யாரோ வாங்கி அனுப்பாமலே வெச்சிருந்திருக்காங்க.

அதைப் பார்த்ததும் ஒரு ஆசை. இதே இடத்துல நின்னு, இதே கோணத்துல ஒரு படம் எடுக்கணும். அப்ப/இப்பன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா ஒரு பதிவு தேறிடும் பாருங்க. அவ்வளவுதான் திட்டம். அந்தக் குவிமாடம்தான் என்னை மண்ணைக் கவ்வ வெச்சது.

அல்ஹம்ப்ரா எங்க இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். ஸ்பெயினோட தெற்குப் பக்கம் கிரனாடா. ஊருக்கு மேல சபீகாங்கிற குன்று. அது மேல 740 மீட்டர் நீளம், அகலமான இடத்துல 205 மீட்டர்னு ஒரு கப்பல் மாதிரி நீண்டு கிடக்கிற கோட்டைக்குள்ள அரண்மனைகள். அல்-ஹம்ரான்னா அரபியில சிவப்பு. கட்டின மண்ணே சிவப்பு. அந்த மண்ணையே பலகைச் சட்டத்துக்குள்ள கொட்டி, அடிச்சு இறுக்கி எழுப்பின சுவர்கள். தார்ரோ ஆத்துக்கு எதிர்க்கரையில இருக்கிற அல்பைசின் மேட்டுல, சான் நிகோலாஸ் சர்ச் வாசல்ல சாயங்காலம் நின்னா சுவர் மொத்தமும் செங்கல் சூளை மாதிரி எரியும். கேமரா வெச்சிருக்கிறவன் எல்லாம் அங்கதான் நிப்பான். நானும் நின்னேன். இந்தக் குன்றைப் பத்தின வழக்கமான படம் அதுதான், சொல்ல ஒண்ணும் இல்லை.

1238-ல நஸ்ரித் வம்சத்து முதலாம் முகமது கிரனாடாவுக்குள்ள வந்ததும் இந்தக் குன்றுல வேலையை ஆரம்பிச்சார். முதல் பிரச்சினை தண்ணி. குன்று மேல ஏது தண்ணி? தார்ரோ ஆத்தை ஆறு கிலோமீட்டர் மேல போய் மடக்கி, மலைச்சரிவிலேயே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தாங்க. அரச வாய்க்கால்னே அதுக்குப் பேர். இப்ப நாம படம் எடுத்துத் தள்ற குளம், ஊற்று, தோட்டம் எல்லாம் அந்த ஒரு வாய்க்காலை நம்பித்தான். முதலாம் யூசுப் (1333-54) கோமாரெஸ் அரண்மனையைக் கட்டினார். அவர் தொழுகையில இருந்தப்பவே குத்திக் கொல்லப்பட்டார். மகன் ஐந்தாம் முகமது பட்டத்துக்கு வந்து, 1359-ல துரத்தப்பட்டு, 1362-ல திரும்பி வந்து உட்கார்ந்தவர். சிங்க முற்றம் அந்த ரெண்டாவது இன்னிங்ஸ்ல கட்டினது. 1492 ஜனவரி 2-ந்தேதி கடைசி சுல்தான் கோட்டையை ஃபெர்டினாண்ட்-இசபெல்லா கிட்ட ஒப்படைச்சதோட நஸ்ரித் கதை முடிஞ்சது. அரண்மனையோட கதை முடியலை.

டிக்கெட் விஷயம் ஒண்ணு. நஸ்ரித் அரண்மனைகளுக்கு அரைமணி நேர ஸ்லாட். டிக்கெட்ல உங்க பேரு, கையில பாஸ்போர்ட். அந்த நேரத்தைத் தவற விட்டா அம்புட்டுதான். 2019-ல மட்டும் 27 லட்சம் பேருக்கு மேல வந்து போன இடம், வேற வழியும் இல்லை. எனக்குக் கிடைச்சது காலை 9 மணி. காலை வெளிச்சம் பிரமாதமா இருக்கும்னு நெனச்சேன். ஹூம். அந்தக் கதை பின்னால வருது. ட்ரைபாட் கூடாது, ஃபிளாஷ் கூடாது. உள்ளே இருட்டு, வெளிய முற்றத்துல கண்ணைக் கூசுற வெயில். கேமராவுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை வைக்க முடியாது.

முதல்ல வர்றது மெஷுவார்னு ஒரு கூடம். எல்லாரும் அங்க வேகமா நடந்து போயிடறாங்க. நீங்க சுவர்ல இடுப்பு உயரத்துக்கு இருக்கிற ஓடுகளைப் பாருங்க. கடவுளைத் தவிர வெற்றியாளன் இல்லைங்கிற நஸ்ரித் வாசகம் ஒரு நட்சத்திரத்துல. பக்கத்து நட்சத்திரத்துல ஹாப்ஸ்பர்க் இரட்டைத்தலைக் கழுகு. ஜெயிச்சவன் தோத்தவனோட வாசகத்தை அழிக்காம, பக்கத்துலயே தன்னோட முத்திரையையும் ஒட்டி வெச்சிருக்கான். இதுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், பொறுமைதான் வேணும்.

அந்த வாசகம் அரண்மனை முழுக்க நூத்துக்கணக்கான தடவை வருது. சுவர்ல இருக்கிறது எல்லாம் கவிதைன்னு நானும் நெனச்சிருந்தேன். ஸ்பெயின் ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாப் படிச்சு 2009-ல முதல் தொகுப்பை வெளியிட்டப்ப, குர்ஆன் வசனமும் கவிதையும் சேர்ந்தே பத்து சதவீதத்துக்கும் குறைவுதான்னு தெரிஞ்சது. மிச்சம் இந்த வாசகம், சுல்தானுக்குப் புகழ், ஆரோக்கியம், ஆசீர்வாதம் மாதிரி ஒத்தை வார்த்தைகள். இதுல ஒரு காரணமும் இருக்கு. சுதை வேலையில நிறைய அச்சுல வார்த்து ஒட்டினது. ஒரு அச்சு செஞ்சுட்டா நூறு தடவை போடலாம். காப்பி-பேஸ்ட் பண்றதுல நாம என்னவோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி திரியறோம்.

அடுத்தது கோமாரெஸ். 34 மீட்டர் நீளத்துல ஒரு குளம், ரெண்டு பக்கமும் மிர்ட்டில் செடி வேலி, வடக்குக் கோடியில 45 மீட்டர் உயரக் கோபுரம். கோபுரம் அப்படியே குளத்துல தலைகீழா நிக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, ஆனா பிம்பம் கலையறதில்லை. எப்படின்னு கொஞ்ச நேரம் குத்தவெச்சுப் பார்த்தேன். ரெண்டு முனையிலும் தரையோட தரையா ஒரு வட்டக் கிண்ணம். ஊற்றுத் தண்ணி நேரா குளத்துல விழாது. முதல்ல கிண்ணத்துல விழுந்து, வேகம் அடங்கி, ஒரு குட்டிக் கால்வாய் வழியா நழுவி இறங்குது. அலை எல்லாம் கிண்ணத்தோட சரி. பஃபர் வெச்சிருக்காங்க மக்கா, பதினாலாம் நூற்றாண்டுல!

கோபுரத்துக்குள்ள தூதர் மண்டபம். சுல்தான் சிம்மாசனம் இருந்த இடம். 11 மீட்டர் சொச்சத்துக்குச் சதுரம், உயரம் 18 மீட்டர். மேல 8,017 தேவதாரு மரத்துண்டுகளைக் கோத்துச் செஞ்ச கூரை, நட்சத்திரம் நட்சத்திரமா அடுக்கடுக்கா ஏறிப் போகும். ஏழு வானங்களைக் குறிக்குதுன்னு சொல்றாங்க. அதுக்கு ஆதாரமா கூரைக்குக் கீழேயே வானங்களைப் பத்திப் பேசுற குர்ஆனோட 67-வது அத்தியாயம் எழுதியிருக்கு. ட்ரைபாட் இல்லாம இதை எப்படி எடுக்கிறது? கேமராவை மல்லாக்கத் தரையில வெச்சு, பத்து செகண்ட் டைமர் போட்டுட்டு நகர்ந்துட்டேன். ஒரு பாட்டி அதை மிதிக்கப் போனதைத் தவிர மத்தபடி எல்லாம் சரியா வந்தது.

அதே அரண்மனையில, தூதர் மண்டபத்துக்கு முன்னாடி சாலா தெ லா பார்கான்னு நீளமான ஒரு முன்கூடம். கவுத்துப் போட்ட படகு மாதிரி மரக்கூரை. அன்னிக்கு எடுத்த 600 படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். சாயுற கோடுகள், பக்கவாட்டு வெளிச்சம், எல்லாம் தானா அமைஞ்சது. மாட்ரிட் திரும்பினதும் அதைப் பெரிசா பிரிண்ட் போட்டு, சட்டம் அடிச்சு, கீழே ‘14-ம் நூற்றாண்டு’ன்னு எழுதி, ஊருக்குத் திரும்பினப்ப அப்பா கையில கொடுத்தேன். அப்பா தச்சு வேலை பார்த்தவர். வீட்டுல கூடத்துல, நெலைக்கு மேல மாட்டி வெச்சிருக்கார். இந்தப் படத்துக்கும் பின்னால திரும்பி வர்றேன்.

இப்ப சிங்க முற்றம்.

மேற்குப் பக்கத்துக் கூடம் வழியா உள்ளே நுழைஞ்சேன். சட்டைப் பையில போஸ்ட் கார்டு. எதிர்ல கிழக்கு மண்டபம், நடுவுல 12 சிங்கம், சுத்தி 124 பளிங்குத் தூண். கார்டுல இருக்கிற அதே காட்சி. லென்ஸை 35-க்குத் திருப்பி, ரெண்டடி பின்னாடி போய், கார்டைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன்.

குவிமாடத்தைக் காணோம்.

மண்டபம் இருக்கு, தூண் இருக்கு, சுதை வேலைப்பாடு ஒண்ணு விடாம இருக்கு. தலையில மட்டும் சாதாரண நாட்டு ஓடு வேய்ஞ்ச ஒரு கூம்புக் கூரை. சரி, தப்பான கோடியில நிக்கிறோம் போலன்னு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். மேற்கு மண்டபத்துலயும் குவிமாடம் இல்லை. அங்கேயே தூணோரம் உட்கார்ந்து ரெண்டு கோப்பையும் வெச்சு வித்தியாசம் பார்க்கிற நம்ம தொழில் புத்தியைக் காட்டினேன். மூணு மாத்தம் தேறிச்சு. ஒண்ணு, குவிமாடம். ரெண்டு, கார்டுல ஊற்றுத் தொட்டிக்கு மேல இன்னொரு சின்னக் கிண்ணம் நிக்குது, நேர்ல இல்லை. மூணு, கார்டுல தரை சரளை மாதிரி தெரியுது, நேர்ல வெள்ளை வெளேர்னு பளிங்கு.

எழுநூறு வருஷமா மாறாம நிக்கிற ஒரு இடத்தைப் படம் எடுக்கப் போறோம்னு நெனச்சுப் போனவன் நான். நூறு வருஷத்துக்குள்ளேயே மூணு மாத்தம்.

திரும்பி வந்து வாரக்கணக்கா படிச்சேன். கதை இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கினப்ப அல்ஹம்ப்ரா பாதி இடிபாடு. 1810-ல நெப்போலியன் படை வந்து உட்கார்ந்தது. சில கூரைகளைச் செப்பனிடவும் செஞ்சாங்க, அதையும் சொல்லணும். ஆனா 1812-ல கிளம்பறப்ப கோட்டைக் கோபுரங்களுக்கு வெடி வெச்சுட்டுப் போனாங்க. பல கோபுரங்கள் போச்சு. ஹோசே கார்சியாங்கிற சிப்பாய் திரியை அணைச்சதாலதான் மிச்சம் தப்பிச்சுதுன்னு ஊர்ல சொல்றாங்க. அவர் பேர்ல ஒரு கல்வெட்டுப் பலகையும் உள்ளே இருக்கு. 1829-ல வாஷிங்டன் இர்விங்னு அமெரிக்க எழுத்தாளர் வந்து அரண்மனைக்குள்ளேயே சில மாசம் தங்கினார். 1832-ல அவர் புத்தகம் வந்ததும் ஐரோப்பாவே இங்க படையெடுத்தது. 1834-ல ஓவன் ஜோன்ஸ், ழூல் கூரின்னு ரெண்டு இளம் கட்டடக் கலைஞர்கள் வந்து ஒவ்வொரு சுவரா அளந்து வரைய ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் கூரி இங்கேயே காலராவுல செத்துப் போனார். ஜோன்ஸ் 1837-ல திரும்பி வந்து வேலையை முடிச்சு, அந்தப் படங்களைக் கலர்ல அச்சடிக்கிறதுக்காகவே கல் அச்சு முறையை லண்டன்ல தானே கத்துக்கிட்டு செஞ்சார். இன்னிக்கு நாம வெளுத்த தந்த நிறத்துல பார்க்கிற சுதை அப்ப நீலம், சிவப்பு, தங்கம். உத்துப் பார்த்தா மூலை முடுக்குல இன்னும் நீலம் ஒட்டிக்கிட்டு இருக்கு.

கூட்டம் வர ஆரம்பிச்சதும் இடிஞ்சதைச் சரி பண்ணணும்னு அரசாங்கத்துக்கும் தோணிச்சு. கொன்த்ரேராஸ் குடும்பம் கையில வேலை போச்சு. அப்பா, மகன், பேரன்னு மூணு தலைமுறை. அதுல ரஃபேல் கொன்த்ரேராஸ் கைத்திறமையில கெட்டிக்காரர். அல்ஹம்ப்ரா சுவர்களைச் சின்ன மாதிரியா சுதையில வார்த்து அருங்காட்சியகங்களுக்கும் சுற்றுலா வர்றவங்களுக்கும் வித்தவர். அரான்ஹுவெஸ் அரண்மனையில ராணிக்கு ஒரு முழு அறையையே அல்ஹம்ப்ரா பாணியில செஞ்சு கொடுத்தவர். அவருக்கு ஒரு பிரச்சினை. அரபு அரண்மனைன்னா குவிமாடம் இருக்கணும்னு வர்றவங்க எதிர்பார்க்கிறாங்க, இங்க இருக்கிற கூரை எல்லாம் சாதா ஓடு. நஸ்ரித் ஆளுங்க பகட்டை எல்லாம் உள்பக்கம் வெச்சுட்டு வெளிப்பக்கத்தை மொட்டையா விட்டுட்டாங்க. 1859-ல கிழக்கு மண்டபத்துக் கூரையைப் பிரிச்சுட்டு, வண்ண ஓடு பதிச்ச குவிமாடத்தைத் தூக்கி வெச்சார். கிழக்கு நாடுன்னா எப்படி இருக்கணும்னு பாரிஸ்காரனும் லண்டன்காரனும் நெனச்சானோ, அப்படி.

அந்தச் சமயத்துலதான் கேமராவும் வந்து சேர்ந்தது. சார்லஸ் கிளிஃபோர்ட் 1850-கள்ல இருந்து இங்க படம் எடுத்தார். 1862-ல ராணி இரண்டாம் இசபெல் தெற்கே வந்தப்ப கூடவே வந்தவர். அப்புறம் லோரான், அப்புறம் கிரனாடாவுல ரஃபேல் கார்ஸோன். கார்ஸோன் ஸ்டூடியோவுல சிங்க முற்றம் மாதிரியே செட்டு போட்டு, வர்றவங்களுக்கு அரபு வேஷம் கட்டிப் படம் எடுத்துக் கொடுத்தாங்க. ஊட்டியில படுக வேஷம், காஷ்மீர்ல குடத்தோட நிக்கிறது எல்லாம் ஞாபகம் வருதா? அதேதான்.

ஆக கேமரா பார்த்த சிங்க முற்றம் பெரும்பாலும் குவிமாடத்தோட இருக்கிற சிங்க முற்றம். புத்தகம், போஸ்ட் கார்டுன்னு உலகம் முழுக்கப் போனதும் அதுதான். பல தலைமுறைக்கு அதுதான் அல்ஹம்ப்ரா.

1923-ல லியோபோல்தோ தோரெஸ் பால்பாஸ்ங்கிற கட்டடக் கலைஞர் பொறுப்புக்கு வந்தார். இவர் வேற ரகம். இருக்கிறதைத் தாங்கிப் பிடி, இல்லாததைக் கற்பனை பண்ணி ஒட்டாதே, புதுசா ஒட்டினா அது புதுசுன்னு பார்க்கிறவனுக்குத் தெரியணும். சுதை உதிர்ந்த இடத்துல வேலைப்பாடு எதுவும் செய்யாம மொழுக்குன்னு பூசி விட்டுருவார். பக்கத்துல போனா எது பழசு எது புதுசுன்னு பளிச்சுன்னு தெரியும். 1931-ல ஏதென்ஸ்ல பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறது பத்தி உலக அளவுல நடந்த மாநாட்டுக்கும் போனவர். 1934-ல குவிமாடத்தை எறக்கிட்டு, இப்ப இருக்கிற கூம்புக் கூரையைப் போட்டார்.

ஊர்ல பெரிய எதிர்ப்பு. இருக்காதா பின்னே? அப்பா பார்த்த, தாத்தா பார்த்த குவிமாடம். எழுபத்தஞ்சு வருஷமா இருந்த ஒண்ணை அது பொய்னு ஒருத்தர் வந்து எறக்கினா யாருக்குத்தான் கோவம் வராது? எனக்கும் முதல்ல கோவம்தான். என்னோட அப்ப/இப்ப படத்தைக் கெடுத்தவர் அவர்தானே :) அப்புறம் யோசிச்சா அந்தக் கூரையோட நியாயம் புரிஞ்சது. அந்த முற்றத்துல வளைவுகள் எதையும் தாங்கலை தெரியுமா? மேல இருக்கிற பளுவைத் தூணும் மர உத்தரமும் வாங்கிக்குது, வளைவு மாதிரி தெரியறது எல்லாம் உத்தரத்துல இருந்து தொங்குற சுதைத் திரை. தூணுக்கும் மேல்கட்டைக்கும் நடுவுல ஈயத் தகடு வெச்சு, நிலம் அசைஞ்சாலும் உடையாம இருக்கப் பார்த்திருக்காங்க. அவ்வளவு லேசா நிக்கிற ஒண்ணு தலையில கனமான ஒரு மகுடத்தை வெச்சா எப்படி? படத்துல அழகாத்தான் இருக்கு. கட்டடத்துக்கு அது சுமை.

1936-ல உள்நாட்டுப் போர் தொடங்கினதும் தோரெஸ் பால்பாஸை வேலையை விட்டு நீக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மாட்ரிட்ல பாடம் நடத்தினார், எழுதினார். 1960-ல இறந்தார். அவர் போட்ட கூரை இன்னும் இருக்கு.

மத்த ரெண்டு மாத்தமும் சுருக்கமா. ஊற்றுல இருந்த மேல் கிண்ணம் பின்னால வந்தவங்க சேர்த்தது. போன நூற்றாண்டு நடுவுல அதை எறக்கிட்டாங்க. சிங்கங்களை 2002-ல இருந்து ஒவ்வொண்ணா கழட்டிக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி, 2012-ல திரும்ப வெச்சு, முற்றம் முழுக்க மகாயேல் வெள்ளைப் பளிங்கு பதிச்சாங்க. ஆக நான் நின்ன தரை என் கல்லூரிக் காலத்தை விடப் பெரிய பழசு இல்லை.

முற்றத்துக்கு வடக்கே ரெண்டு சகோதரிகள் மண்டபம். கூரையில 5,000-க்கும் மேல சின்னச் சின்னச் சுதைத் துண்டுகள், தேன்கூட்டைக் கவுத்துப் போட்ட மாதிரி. முக்கர்னாஸ்னு பேர். அதுக்குக் கீழே சுத்தி ஜன்னல். வெயில் நகர நகர ஒவ்வொரு குழியா வெளிச்சம் ஏறி இறங்கும். ஒரே எடத்துல அரைமணி நேரம் இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு எடுங்க, ஆறும் ஆறு படம். சுவரைச் சுத்தி இப்னு ஸம்ரக்கோட 24 அடிக் கவிதை. அரண்மனையோட அழகை அரண்மனையே சொல்ற மாதிரி எழுதினது. அந்தக் கவிஞர் ஆளு லேசுப்பட்டவர் இல்லை. தனக்குப் பாடம் சொன்ன இப்னு அல்-கதீபை 1374-ல ஃபெஸ் சிறையில கழுத்தை நெரிச்சுக் கொன்னதுல இவருக்கும் பங்கு உண்டு. பின்னால இவரும் கொலையாத்தான் செத்தார். மேல தேன்கூடு, கீழே இந்த வரலாறு. வைட் லென்ஸ்ல ரெண்டும் ஒரே ஃபிரேம்ல வருது.

பார்தால் பகுதியைப் பத்தி ஒரு பாரா. அங்க மிஞ்சி நிக்கிற அரண்மனைகள்லயே பழசு அதுதான், குளத்தோரம் அஞ்சு வளைவு. கோபுர அறையில அண்ணாந்து கூரையைப் படம் எடுத்தேன். அது நகல். அசல் மரக்கூரை பெர்லின் அருங்காட்சியகத்துல. அந்த இடத்தை வாங்கி வெச்சிருந்த ஜெர்மன் வங்கிக்காரர் 1891-ல ஸ்பெயின் அரசுக்கு இடத்தைக் கொடுத்துட்டு, கூரையை மட்டும் கழட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டார். வீட்டைக் காலி பண்றப்ப ஃபேனைக் கழட்டிட்டுப் போற மாதிரி.

இப்ப வெளிச்ச விஷயத்துக்கு வர்றேன். போஸ்ட் கார்டுல மண்டபத்தோட மேற்கு முகம் வெயில்ல பளிச்சுன்னு இருக்கு. நான் எடுத்ததுல அதே முகம் கருப்பு. காலையில சூரியன் கிழக்கே, மண்டபத்துக்குப் பின்னாடி. சரி, உள்ளே நுழைஞ்சாச்சு, துரத்த மாட்டாங்க, மதியம் வரைக்கும் காத்திருந்து எடுத்துடலாம்னு ஒரு மூலையில உட்கார்ந்தேன். பன்னெண்டு ஆச்சு, ஒண்ணாச்சு, சூரியன் இன்னும் கிழக்கேதான். அப்பத்தான் உறைச்சது. கிரனாடா இருக்கிறது கிரீன்விச்சுக்கு மேற்கே மூணரை டிகிரி சொச்சம். ஆனா ஸ்பெயின் 1940-ல இருந்து மத்திய ஐரோப்பிய நேரத்துல ஓடுது. கோடைக்கு இன்னொரு மணி நேரம் கூட்டிக்கிறாங்க. கணக்குப் போட்டா உச்சி வெயில் மதியம் 2 மணி 14 நிமிஷத்துக்கு. என் டிக்கெட் 2 மணி வரைக்கும். காலை டிக்கெட் வாங்கினவன் ஏப்ரல்ல அந்த மேற்கு முகத்துல வெயிலையே பார்க்க முடியாது. போஸ்ட் கார்டு எடுத்தவர் சாவகாசமா மத்தியானம் வந்திருக்கார். புண்ணியவான்.

அதனால என்கிட்ட இருக்கிறது நிழலுருவப் படம். குவிமாடம் இல்லாத கூரை வானத்துல வெட்டி வெச்ச மாதிரி தெரியுது. மூணு எக்ஸ்போஷர் எடுத்து ஒட்டிப் பார்த்தேன், செயற்கையா இருந்தது, அழிச்சுட்டேன்.

கார்டு எந்தக் காலத்துதுன்னும் ஒரு மாதிரி பிடிச்சுட்டேன். குவிமாடம் இருக்கு, அதனால 1859-க்கும் 1934-க்கும் நடுவுல. பின்பக்கம் முகவரிக்கும் சேதிக்கும் தனித்தனியா நடுக்கோடு போட்டிருக்கு. அந்த முறை 1900-களோட தொடக்கத்துலதான் வந்தது. ஆக ஒரு முப்பது வருஷ இடைவெளிக்குள்ள வந்தாச்சு. கறுப்பு வெள்ளைப் பழைய படம் எது கெடைச்சாலும் இனிமே முதல்ல கூரையைத்தான் பார்ப்பேன்.

ஐந்தாம் சார்லஸ் அரண்மனையைச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. நஸ்ரித் அரண்மனைகளை ஒட்டி 1527-ல பெத்ரோ மச்சூகா கட்ட ஆரம்பிச்சது. வெளிய 63 மீட்டர் சதுரம், உள்ளே 30 மீட்டர் வட்ட முற்றம். அகலக் கோணத்துல எடுத்தா மிரட்டும். காசு வந்தது மதம் மாத்தப்பட்ட முஸ்லிம்கள் கட்டின வரியில இருந்து. அவங்க 1568-ல கிளர்ச்சி பண்ணினதும் காசும் நின்னது, வேலையும் நின்னது. அதுக்குக் கூரை முழுசா வந்ததே இருபதாம் நூற்றாண்டுலதான். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கலை. நல்ல கட்டடம், தப்பான இடம்.

இப்ப அப்பா படம். சாலா தெ லா பார்கா கூரை. இதையெல்லாம் படிச்சுட்டு இருந்தப்ப ஒரு வரி கண்ணுல பட்டது. 1890 செப்டம்பர்ல தீப்பிடிச்சு அந்தக் கூரை எரிஞ்சு போச்சு. மிஞ்சின துண்டுகளை வெச்சு அதே மாதிரி திரும்பச் செஞ்சு முடிச்சது 1960-கள்ல. நான் சட்டம் அடிச்சு ‘14-ம் நூற்றாண்டு’ன்னு எழுதிக் கொடுத்தது என் அப்பாவை விட வயசுல சின்னது.

ரெண்டு நாள் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அவர் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அறுநூறு எழுநூறு வருஷத்து வேலைன்னு சொல்லிட்டு இருக்கார். கடைசியில போன் போட்டுச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“எரிஞ்ச துண்டைப் பார்த்தா செஞ்சானுங்க?”

“ஆமாப்பா.”

“எத்தனை பேருடா?”

அதுதான் அவருக்குக் கேக்கத் தோணிச்சு. மறுநாள் ஸ்கெட்ச் பேனா எடுத்து ‘14-ம் நூற்றாண்டு’ மேல ஒரு கோடு இழுத்துட்டு, பக்கத்துல ‘எரிந்தது 1890, மறுபடி செய்தது 1960-கள்’னு எழுதிட்டாராம். அம்மா சொன்னாங்க. படம் அதே இடத்துலதான் தொங்குது.

அன்னிக்கு ரெண்டு மணிக்கு வெளிய வந்துட்டேன்னு சொன்னேன் இல்லையா, வர்றதுக்கு முன்னாடி அல்கஸாபா பக்கம் மதிலோரமா அதார்வெஸ்னு ஒரு தோட்டம் வழியா நடந்தேன். திராட்சைக் கொடி, ரெண்டு ஊற்று, உட்கார ஒரு கல். கால் வலி. அந்த ஊற்றுல ஒண்ணை சும்மா ஒரு படம் எடுத்து வெச்சிருந்தேன், கிளிக் பண்றப்ப அது என்னன்னே தெரியாது. வீட்டுக்கு வந்து போஸ்ட் கார்டோட ஒப்பிட்டுப் பார்த்தா அதே கிண்ணம். சிங்கங்கள் தலைக்கு மேல இருந்து எறக்கினது. எறக்கினவங்க தூக்கி எறியாம இங்க கொண்டுவந்து வெச்சு, தண்ணியும் விட்டிருக்காங்க. படம் லேசா ஆடியிருக்கு. இருந்தாலும் போஸ்ட் கார்டு பக்கத்துல அதைத்தான் போட்டிருக்கேன், பாருங்க.